மேட்டுத் தோட்டத்து லாரிக்குத் தடை இல்லை

சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் யாரென்று யாருக்கும் தெரியாது. நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்தவன் பெயரைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாராமல் ஒப்பிக்கிறார்கள். ஆனால் பாரம் ஏற்றும் ஒரு லாரியில் மனிதர்கள் பத்திரமாகப் போய் வரலாமா என்பதை, அந்த லாரியின் மேல் விரல்கூடப் படாமல் ஆராய்ந்து தீர்ப்புச் சொல்லும் அரிய கலையை உலகத்துக்கு அளித்தவர் யார் என்று கேட்டால், மலாக்கா மாநிலம் முழுவதும் ஒரே பதில்தான் வரவேண்டும். டுரியான் துங்காலுக்கு அப்பால் இருந்த மேட்டுத் தோட்டத்தின் சின்னக் கிராணி திரு. சாமிக்கண்ணு அவர்கள்! அப்படிப் பதில் வரவில்லையென்றால் அது சரித்திரம் எழுதுகிறவர்களின் அசட்டை.

முப்பத்தைந்தாம் வருஷம் அது. தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் பெரிய கிராணியாக இருந்தவர் வயதாகி ஊருக்குக் கப்பலேறிவிட்டார். அவருடைய நாற்காலி காலியாக இருந்தது. சின்னக் கிராணி சாமிக்கண்ணு தினமும் காலையில் அந்த நாற்காலியைத் துண்டால் தட்டிவிட்டு, அதன்மேல் உட்காராமல், அதைப் பார்த்தபடி தன் முக்காலியில் உட்காருவார். இதைத் தியாகம் என்று அவர் மனைவி பாக்கியலட்சுமியிடம் சொல்வதுண்டு.

சாமிக்கண்ணுவுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. மலாக்கா டவுனில் தூய தமிழைப் பற்றி யாரோ ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவைக் கேட்டுவிட்டு வந்த நாள் முதல் அவர் அன்னிய பாஷைச் சொற்களை வாயில் வைப்பதில்லை. ஆபீஸ் பணிமனையாயிற்று. பென்சில் கரிக்கோல் ஆயிற்று. துரையிடம் மட்டும் இங்கிலீஷ் பேசுவார், அது வயிற்றுப் பிழைப்பு. காப்பிக்குத் தகுந்த பெயர் இன்னும் அகப்படாததால் அதை அவர் பெயர் சொல்லாமலே குடித்து வந்தார்.

இந்தச் சமயத்தில்தான் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. சரக்கு லாரியில் ஆட்களை ஏற்றுவதானால், அந்த லாரி பாதுகாப்பானதா என்று முதலில் ஆராய வேண்டும். ஆராய்ந்து கண்ட முடிவை எல்லோருக்கும் தெரியும்படி லாரியின் மேலேயே பெயின்டால் எழுத வேண்டும்.

துரை இளைஞர். சீமையிலிருந்து வந்து ஒரு மழைக்காலம்கூட முழுசாக ஆகவில்லை. தமிழில் அவருக்குத் தெரிந்த வார்த்தை 'சீக்கிரம்' ஒன்றுதான். அவர் சாமிக்கண்ணுவைக் கூப்பிட்டார்.

"சாமி, உங்கள் ஜனங்கள் மாசி மகத்துக்குக் கோயிலுக்குப் போக லாரி கேட்கிறார்கள் அல்லவா? கொடுக்கலாம் என்றிருக்கிறேன். நீ லாரியை ஆராய்ந்து முடிவை எழுதிவிடு. இந்த விஷயத்தை நீ எப்படி நடத்துகிறாய் என்று பார்த்துவிட்டு, அந்த நாற்காலியைப் பற்றி யோசிக்கிறேன்."

வருஷா வருஷம் மாசி மகத்துக்குத் தோட்டத்து ஜனங்கள் சன்னாசிமலைக்கு நடந்தே போவார்கள். குருபோங் வழியாக, பிள்ளைகளை இடுப்பிலும் தோளிலும் சுமந்துகொண்டு, வெயிலில் வாடி வதங்கிப் போய்ச் சேர்வார்கள். இந்த வருஷம் லாரி! ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் செய்தி பரவியதும் பெண்கள் பெட்டியிலிருந்த புடவையை எடுத்து வெயிலில் காயப் போட்டுவிட்டார்கள். ஆராய்ச்சி பிறகு நடந்தது.

அந்த லாரியைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். வேறு எங்கோ உழைத்து ஓய்ந்து, 'இனி முடியாது' என்று அங்கே தள்ளிவிட்ட பின் நம் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த வண்டி அது. ரப்பர் ஷீட்டுக் கட்டுகளை டவுனுக்குக் கொண்டு போவது அதன் தொழில். முன் கண்ணாடியில் விரிசல், விளக்கு ஒன்று, கதவுக்குப் பதில் கயிறு. தோட்டத்திலிருந்து பெரிய சாலைக்குப் போக ஒரு நெட்டுக்குத்தான இறக்கம் உண்டு. இறக்கத்தின் அடியில் சாலை சட்டென்று வளையும். வளைவுக்கு அப்பால் மலாய்க்காரர்களின் நெல் வயல். அந்த இறக்கத்தில் லாரி நிற்குமா, நிற்காதா என்பது ஒன்றுதான் ஆராயப்பட வேண்டிய விஷயம். அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஆராய ஒரு கமிட்டி கூடியது.

நம்மவர்கள் கமிட்டி கூடினால் முதலில் மாலை வரும். லாரிக்கு ஒன்று, தலைவர் சாமிக்கண்ணுவுக்கு ஒன்று. பிறகு சந்தனம். லாரியின் நெற்றியில் கங்காணி சின்னத்தம்பி சந்தனம் இட்டு, குங்குமமும் வைத்தார். "வண்டி முகத்துல எம்புட்டு களை வந்திருச்சு பாருங்க!" என்றார். ஆராய்ச்சியில் பாதி அப்போதே முடிந்துவிட்டதாகக் கமிட்டி கருதியது.

"இப்போது இந்தப் பாரப் பொறிவண்டியை நாம் உறுப்பு உறுப்பாக நோக்குவோம்" என்று சாமிக்கண்ணு ஆரம்பித்தார்.

"பொறிவண்டியா? நாம லாரியயில்ல பாக்க வந்தோம்?" என்றார் கங்காணி.

"அதுதான் இது."

"அப்ப லாரி எங்க?"

லாரி டிரைவர் தம்புசாமி காதில் சொருகியிருந்த பீடியை எடுத்தான். "வண்டி ஒண்ணுதான் கங்காணியாரே. பேருதான் ரெண்டு. நீங்க கம்முனு தலைய ஆட்டுங்க லா."

கங்காணி தலையை ஆட்டினார். கமிட்டியில் அவருக்கு ஒப்படைக்கப்பட்ட வேலையும் அதுவே.

"ஊதுகுழல்?" என்று கேட்டார் சாமிக்கண்ணு.

தம்புசாமி ஹாரனை அமுக்கினான். ரப்பர் ஷீட்டு உலர்த்தும் புகைக்கூண்டுப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் சிதறி ஓடின. "மிக நன்று" என்றார் தலைவர்.

"ஒளிவிளக்கு?"

"ஒண்ணு இருக்குங்க."

"பகலில் பயணம். அதுவே மிகை. சரி, தடை?"

"தடையா?" கங்காணிக்கு இந்த வார்த்தை தெரியும். உற்சாகமாக முன்னால் வந்தார். "ஒரு தடையும் இல்லீங்க! நல்ல நாளு பாத்துத்தானே கூடியிருக்கோம்? பூனைகூட குறுக்க வரல."

"அந்தத் தடை அல்ல, ஐயா. ஓடுகிற வண்டியை ஓடாமல் தடுத்து நிறுத்துகிற கருவி எதுவோ அது தடை. வெள்ளைக்காரன் அதைத்தான் பிரேக் என்கிறான்."

"அட, பிரேக்கா? பிரேக்குக்குத் தமிழ்ல தடையா!" கங்காணி சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "கேட்டுக்கங்க, பிரேக்குன்னா தடை" என்று பாடம் சொன்னார். எல்லோரும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்கள். தமிழ் வளர்ந்தது.

தம்புசாமி மட்டும் பீடியை மறுபடி காதில் சொருகிக்கொண்டான். "அது இல்லீங்க" என்றான்.

"எது இல்லை?"

"நீங்க சொன்ன அந்தத் தடை. அதாவது, இருக்கு. ஆனா இல்ல."

சாமிக்கண்ணு கண்ணாடியைக் கழற்றி மாட்டினார். தம்புசாமி விளக்கினான். காலால் மிதிக்கிற பிரேக் மிதித்தால் நன்றாக உள்ளே போகிறது, ஆனால் சேதி சக்கரத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. கையால் இழுக்கிற பிரேக்கில் அவன் சோற்றுத் தூக்கை மாட்டியிருக்கிறான். வண்டி வந்த நாளிலிருந்து இப்படித்தான். துரையிடம் யார் சொல்வது என்று யாருமே சொல்லவில்லை.

"அப்படியானால் இதுநாள்வரை அந்த இறக்கத்தில் எப்படி இறங்கினாய்?"

"நம்மகிட்ட முனியாண்டி இருக்கான்ல?"

முனியாண்டி லாரியின் கிளிண்டான், அதாவது பின்னால் நின்று சரக்கு ஏற்றி இறக்குகிற ஆள். அவன் முன்னால் வந்து கும்பிட்டான். தோளில் ஒரு கட்டை இருந்தது. நல்ல வைரம் பாய்ந்த மெராந்திக் கட்டை, ஒரு பக்கம் சரிவாகச் செதுக்கியது. இறக்கத்தின் தலைக்கு வந்ததும் தம்புசாமி வண்டியை ஆமை வேகத்துக்குக் கொண்டு வருவான். ஹாரன் ஒரு தடவை அடித்தால் முனியாண்டி குதித்துப் பின் சக்கரத்துக்கு முன்னால் கட்டையைக் கொடுப்பான். இரண்டு தடவை அடித்தால் கட்டையை உருவுவான். கொடுத்துக் கொடுத்து உருவி உருவி அடிவரை வண்டியோடு ஓடி வருவான்.

"ஆகவே இந்த வண்டியின் தடை என்பது…" என்று இழுத்தார் சாமிக்கண்ணு.

"நான்தாங்க" என்றான் முனியாண்டி அடக்கத்தோடு.

கமிட்டி அவனையும் ஆராய்ந்தது. பல்லைக் காட்டச் சொன்னார்கள். சம தரையில் லாரியை உருட்டி, ஹாரன் அடித்தார்கள். முனியாண்டி பாய்ந்தான், கட்டையைக் கொடுத்தான், வண்டி நின்றது. கை தட்டல் காதைப் பிளந்தது.

"இத்தன நாளா ஒருதடவகூட கை நசுங்கல, காலு சிக்கல. எல்லாம் சன்னாசியாண்டவன் கருணை. அவருக்கு நான் ஒரு நேத்திக்கடன் வச்சிருக்கேங்க" என்றான் முனியாண்டி மூச்சு வாங்க.

"தெய்வ பலமும் உண்டு" என்று சாமிக்கண்ணு தீர்மானத்தில் சேர்த்துக்கொண்டார்.

இந்த நல்ல நேரத்தில்தான் வேலாயி வாயைத் திறந்தாள். ரப்பர் பால் வாளியைச் சுமந்துகொண்டு அந்தப் பக்கம் போனவள், கூட்டத்தைப் பார்த்து நின்றிருந்தாள். பால் வெட்டுவதில் அவளுக்குச் சமமாக ஆண்களே கிடையாது, சண்டை போடுவதிலும் அப்படியே. லாரியில் முன்னால் நின்று போக வேண்டும் என்று ஏற்கெனவே இடம் பிடித்து வைத்திருந்தாள்.

"கிராணியாரே, ஒண்ணு கேக்கட்டா? ஷீட்டு ஏத்திக்கிட்டு எறங்குறதும் ஆளு ஏத்திக்கிட்டு எறங்குறதும் ஒண்ணாகுமா? நாங்க நிக்கிற பாரத்துக்கு இவன் கட்ட நிக்குமா? சமத் தரையில பாத்தீங்க. அந்த எறக்கத்துல ஒருவாட்டி பாத்துருங்களேன்."

கேட்டது நியாயம் என்று சாமிக்கண்ணுவுக்குத் தெரிந்தது. இறக்கத்தில் பார்த்தால் நிற்காது என்றும் தெரிந்தது. நிற்காவிட்டால் லாரி இல்லை, லாரி இல்லாவிட்டால் துரையிடம் நல்ல பெயர் இல்லை, நல்ல பெயர் இல்லாவிட்டால் நாற்காலி இல்லை.

"இது நிகழ்ச்சி நிரலில் இல்லை" என்றார்.

"அப்புடின்னா?"

"பொம்பளைங்க இதுல பேசக்கூடாதுன்னு அர்த்தம்" என்று கங்காணி மொழிபெயர்த்தார்.

"நான் கேட்டேன்னு ஞாபகம் வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு வேலாயி வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

கூட்டம் கலைந்ததும் லாரியும் சாமிக்கண்ணுவும் தனியாக நின்றார்கள். என்ன எழுதுவது? 'பிரேக் இருக்கிறது' என்று எழுதினால் பொய். சாமிக்கண்ணு பொய் எழுதாதவர். 'பிரேக் இல்லை' என்று எழுதினால் உண்மை. ஆனால் அந்த உண்மையால் யாருக்கு என்ன லாபம்? லயத்தில் காய்கிற புடவைகளை நினைத்தார், நாற்காலியை நினைத்தார். நாற்காலியைச் சற்று அதிக நேரம் நினைத்தார். அப்போது தமிழன்னை அவரைக் கைவிடவில்லை.

பெயின்டையும் பிரஷ்ஷையும் வாங்கி, லாரியின் பக்கப் பலகையில், யானைத் தலை அளவு எழுத்தில், தம் கையாலேயே எழுதினார்:

தடை இல்லை

எழுதிவிட்டு நாலு எட்டு தள்ளி நின்று பார்த்தார். மெய் சிலிர்த்தது. இதில் பொய் என்று ஓர் எழுத்துக்கூட உண்டா? இந்த வண்டிக்குத் தடை, அதாவது பிரேக், இல்லை. பச்சை உண்மை! கமிட்டியிலேயே பொருள் விளக்கியாயிற்று, எல்லோரும் சொல்லியும் பார்த்தாயிற்று. ஆனால் படிக்கிறவன் போவதற்குத் தடை இல்லை என்று எடுத்துக்கொண்டால் அது படிக்கிறவன் பாடு. அன்று ராத்திரி அவர் நிம்மதியாகத் தூங்கினார். நம்மில் படித்தவர்களுக்கு மனசாட்சி கிடையாது என்று சொல்வது அபாண்டம். உண்டு. அதைத் தூங்கவைக்கத் தாலாட்டும் தெரியும்.

மறுநாள் துரை லாரியைப் பார்த்தார். "என்ன எழுதியிருக்கிறது, சாமி?"

"ஆராய்ச்சியின் முடிவு, துரை."

"பெரிதாக இருக்கிறது. நல்லது. சீக்கிரம்" என்று தமக்குத் தெரிந்த தமிழையும் சேர்த்துச் சொல்லிவிட்டு துரை போனார்.

மாசி மகத்தன்று விடிந்தும் விடியாமலும் சாமிக்கண்ணு வீட்டு வாசலில் ஒரு மாட்டு வண்டி நின்றது. பாக்கியலட்சுமி தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

"எல்லாரும் லாரியில பாடிக்கிட்டு ஜாலியா போறாங்க. நான் மட்டும் எதுக்கு மாட்டு வண்டியில போயி, டுரியான் துங்கால்ல நின்னு, பஸ்ஸு புடிச்சுப் போகணும்?"

"உனக்குப் பொறிவண்டி வாடை ஒத்துக்கொள்ளாது."

"நான் லாரியில ஏறுனதே இல்லியே!"

"அதனால்தான் ஒத்துக்கொள்ளாது."

"நீங்க பாத்து எழுதுன லாரிதானே அது?"

சாமிக்கண்ணு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். "முன்கூட்டிப் போய்க் கோயிலில் இடம் பிடித்து வை" என்றார். மனைவியின் மேல் அவருக்கு இருந்த பிரியம் அப்படிப்பட்டது. அவளை ஏற்றிவிட்டுத் தாமும் ஏற ஒரு காலைத் தூக்கினார்.

அந்தச் சமயம் பார்த்து லயத்துப் பெண்கள் குளித்து முழுகி அந்த வழியே வந்தார்கள். வேலாயி முன்னால் வந்தாள்.

"என்னாங்க கிராணியம்மா, லாரியில வரலியா?"

"எனக்கு வாடை ஒத்துக்காதாம் வேலாயி. இவருதான் சொல்றாரு."

வேலாயி சாமிக்கண்ணுவைப் பார்த்தாள். சாமிக்கண்ணு தூக்கிய காலைக் கீழே வைத்தார். "நான் உங்களோடுதான் வருகிறேன்" என்று சொன்னது அவர் வாய்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. அவ்வளவுதான், அவரைக் கூட்டிப் போய், மாலை போட்டு, லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்காரவைத்து, கதவுக்குப் பதிலான கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டார்கள். ஆராய்ந்தவருக்கு மரியாதை செய்வதில் தோட்டத்து ஜனங்கள் குறை வைக்கவில்லை.

பின்னால் ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். பிள்ளைகள் பலகையைப் பிடித்துக்கொண்டு எம்பின. வேலாயி தான் பிடித்துவைத்த இடத்தில், முன் பக்கத்தில், சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு நின்றாள். 'தடை இல்லை' என்று எழுதிய பலகைமேல் மாவிலைத் தோரணம் ஆடியது. அரோகரா கோஷத்தோடு லாரி புறப்பட்டது.

இறக்கத்தின் தலை கண்ணுக்குத் தெரிந்தபோது சாமிக்கண்ணு தொண்டையைக் கனைத்தார். "தம்புசாமி, தடை ஆயத்தமாக இருக்கிறதா?"

"எதுங்க?"

"முனியாண்டி."

"முனியாண்டியா? அவன் முந்தாநேத்தே போயிட்டானுங்களே!"

"எங்கே?"

"கோயிலுக்கு. காவடி எடுக்கிறான்ல? நேத்திக்கடன்னு அன்னிக்கே சொன்னானே. நடந்துதான் போவேன்னு போயிட்டான்."

அதாவது பிரேக் விரதம் இருந்து, மஞ்சள் வேட்டி கட்டி, காவடி எடுக்கப் போயிருந்தது. இத்தனை நாள் இந்த இறக்கத்தில் தன்னைக் காப்பாற்றியதற்காக.

சாமிக்கண்ணுவின் கழுத்து மாலை திடீரென்று கனத்தது. "கட்டை? கட்டையையாவது வேறு யாரிடமாவது கொடு!"

"கட்டயும் அவன்தான் கொண்டு போயிட்டான். சாமி பாதத்துல வச்சு எடுத்தாந்தா இன்னும் நல்லா நிக்குமாம்."

"இது தெரிந்துமா வண்டியை எடுத்தாய்?"

"நீங்கதானே லா தடை இல்லன்னு எழுதினீங்க?" தம்புசாமி நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். "கிராணியாரே எழுதிட்டாரு, அப்ப எறங்கிரும்னு நெனச்சேன்."

இறங்கத்தான் செய்தது. தம்புசாமி கியரைக் குறைத்தான். ஷீட்டுக் கட்டுக்குப் பழகிய கியர், இத்தனை ஜனங்களின் பாரம் தாங்காமல் கழன்று நழுவியது. லாரி தலை தெறிக்க ஓடியது. பின்னால் இருந்தவர்கள் கோயிலுக்குப் போகிற குஷியில் வேகம் எடுக்கிறான் என்று நினைத்துக் கை தட்டிப் பாடினார்கள். சாமிக்கண்ணு கதவுக் கயிற்றுக்கு மேலே தலையை வெளியே நீட்டி, அடி வயிற்றிலிருந்து கத்தினார்:

"தடை இல்லை! தடை இல்லை!"

"ஆமா, தடை இல்லை! அரோகரா!" என்று பின்னாலிருந்து கங்காணி சந்தோஷமாக எதிர்க் குரல் கொடுத்தார்.

அப்போதுதான் சாமிக்கண்ணுவின் தமிழில் பல மாதங்களுக்குப் பிறகு அன்னிய பாஷை, மேற்கோளாக அல்லாமல் சொந்தமாகவே, வந்தது. "பிரேக்கு! பிரேக்கு இல்லடா! குதிங்கடா!"

பாட்டு நின்றது. வளைவு வந்தது. லாரி வளைவைக் கவனிக்காமல் நேரே போய், வரப்பைத் தாண்டி, எருமைகள் புரள்கிற சேற்றில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. அந்த வண்டி தானாக நின்றது அதுவே முதல் தடவை.

சேறு மெத்தையாக இருந்ததால் உயிர்ச் சேதம் இல்லை. சிராய்ப்பு, வீக்கம், சுளுக்கு, உடைந்த மண்டை ஒன்றிரண்டு. முன்னால் நின்ற வேலாயி பக்கத்திலிருந்த குழந்தையை அணைத்துக்கொண்டு விழுந்தாள். குழந்தைக்கு ஒன்றுமில்லை. அவளுடைய வலது கை முழங்கைக்குக் கீழே இரண்டாக முறிந்தது. பால் வெட்டுகிற கத்தியைப் பிடிக்கும் கை அது. அந்தக் கை இல்லாவிட்டால் அவளுக்குத் தோட்டத்தில் என்ன வேலை? சேற்றில் உட்கார்ந்து அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் அழாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். சாமிக்கண்ணு பார்த்தார். பிறகு சேற்றில் விழுந்த தம் கண்ணாடியைத் தேடினார்.

பிறகு விசாரணை நடந்தது. ஆபீஸ் வராந்தாவில் துரை நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஜனங்கள் கீழே முற்றத்தில் நின்றார்கள். துரைக்குத் தமிழ் தெரியாது, ஜனங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆகவே இருவருக்கும் நடுவில் மொழிபெயர்க்க, இரண்டும் தெரிந்த ஒரே மனிதர், சாமிக்கண்ணு, நெற்றியில் கட்டோடு நின்றார்.

"வண்டியை ஆராய்ந்து எழுதியது நீதானே?" என்றார் துரை.

"ஆம், துரை."

"அதில் பிரேக் இல்லை என்பதைக் கவனித்தாயா?"

சாமிக்கண்ணு அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல நிமிர்ந்தார். "கவனித்தேன், துரை. எழுதியும் இருக்கிறேன். வெள்ளையில் கருப்பாக, யானைத் தலை அளவு எழுத்தில். 'தடை' என்றால் பிரேக். 'இல்லை' என்றால் இல்லை. கமிட்டியில் பொருளும் விளக்கினேன். கங்காணியைக் கேளுங்கள்."

கங்காணியைக் கேட்டார்கள். "ஆமாங்க, பிரேக்குன்னா தடை" என்று அவர் பாடம் ஒப்பித்துத் தலையை ஆட்டினார்.

துரையின் முகம் தெளிந்தது. கம்பெனிக்கு என்ன பதில் எழுதுவது என்று பல நாளாகக் குழம்பிக்கொண்டிருந்தவர் அவர். "அப்படியானால் எச்சரிக்கை எழுதப்பட்டிருந்தது. ஜனங்களின் சொந்த பாஷையிலேயே. அதற்குப் பிறகும் இவர்களாகவே ஏறியிருக்கிறார்கள்!"

"ஏறினார்கள், துரை."

"இவர்களில் படிக்கத் தெரியாதவர்களும் இருப்பார்களே?"

"அது பள்ளிக்கூடத்தைச் சேர்ந்த விஷயம், துரை. லாரியைச் சேர்ந்தது அல்ல."

துரை எழுந்து சாமிக்கண்ணுவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். உள்ளதை உள்ளபடி எழுதுகிற இப்படி ஒரு நேர்மையாளரைக் கண்டதில்லை என்றும், குற்றம் முழுவதும் ஏறியவர்களுடையது என்றும், பெரிய கிராணியின் நாற்காலி இன்றே அவருக்குரியது என்றும் சொன்னார். சாமிக்கண்ணு இதையெல்லாம் ஒரு வார்த்தை விடாமல் தமிழில் சொன்னார், தம்மைப் பற்றிய பகுதியைச் சற்று நிறுத்தி நிதானமாக. முற்றத்தில் யாரும் கை தட்டவில்லை.

"யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேள்" என்றார் துரை, கிளம்புகிற அவசரத்தில்.

வேலாயி முன்னால் வந்தாள். முறிந்த கையை மூங்கில் பட்டை வைத்துத் துணியால் கழுத்தோடு கட்டியிருந்தது. அவள் துரையைப் பார்க்கவில்லை.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. எழுதுனது சரியாவே இருக்கட்டும். அன்னிக்கு விடியக்கால கிராணியம்மாவ மாட்டு வண்டியில ஏத்தி பஸ்ஸுக்கு அனுப்புனீங்களே, அவங்களுக்கு அதப் படிச்சுச் சொன்னது யாரு? நீங்கதானே? அவங்களுக்குச் சொன்னத எங்களுக்கு ஏன் சொல்லல? இத அப்புடியே தொரைகிட்ட சொல்லுங்க."

முற்றம் முழுவதும் சாமிக்கண்ணுவைப் பார்த்தது. உள்ளே நாற்காலி தெரிந்தது, துண்டால் தட்டிய தூசிகூட இல்லாமல். அவருடைய தொண்டையில் ஏதோ வந்து அடைத்தது. மேட்டுத் தோட்டத்தில் ஒரு தடை தானாக வேலை செய்தது அந்த ஒரு தரம்தான். அதுவும் அதிக நேரம் பிடிக்கவில்லை.

"என்ன சொல்கிறாள், சாமி?" என்றார் துரை. "சீக்கிரம்."

சாமிக்கண்ணு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, சுத்தமான இங்கிலீஷில் சொன்னார்:

"தங்கள் தீர்ப்புக்கு இவளுக்கும் எந்தத் தடையும் இல்லையாம், துரை."